ஒரே ஒரு சீட்

மருத்துவப் படிப்பில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சீட். மேஜையில் பெயர் மறைக்கப்பட்ட இரண்டு விண்ணப்பங்கள்.

“இந்த ரெண்டுல யாராவது உங்க சொந்தக்காரங்களா இருந்தா, விதிப்படி வெளியே போயிடுங்க,” என்றார் தேர்வுக் குழுத் தலைவர்.

பேராசிரியர்கள் ஐவரும் அசையவில்லை. கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த அட்டெண்டர் மட்டும் கதவை நோக்கி நடந்தார்.

“எங்கண்ணே கிளம்பிட்டீங்க? உங்களுக்குத்தான் ஓட்டே கிடையாதே,” என்று கிண்டலடித்தார் இளம் பேராசிரியர் ஒருவர்.

“ஓட்டு இல்லீங்க சார். பொண்ணு இருக்கா.”

சிரிப்பு பாதியில் நின்றது. தலைவர் குரலைத் தாழ்த்தினார். “ரெண்டுல எது உங்க பொண்ணோடது?”

அட்டெண்டர் கதவருகே நிமிர்ந்து நின்றார்.

“சொல்ல மாட்டேன் சார். அப்பா முகத்துக்காகக் கிடைச்ச சீட்னு தெரிஞ்சா, வேண்டாம்னு எழுந்து வந்துடுவா.”