கூட வந்தவர்

“பேர் வேணாம், கார்டு வேணாம். அதெல்லாம் கடைசில பார்த்துக்கலாம். முதல்ல உட்காருங்க.”

ஷாமளா இதை வாரா வாரம் சொல்வாள். மலேசியாவின் கூலாயில் ஒரு கடைவீட்டு மாடியில், போரில் அடிபட்டு மனம் நொந்து வந்தவர்களுக்குச் சனிக்கிழமைகளில் ஆலோசனை சொல்லும் அறை அது. வந்தவுடனே அகதி அட்டையைக் கேட்டால் பாதிப் பேர் படியிறங்கி ஓடிவிடுவார்கள். அதனால் முதலில் பேச்சு, பிறகுதான் எழுத்து வேலை.

அன்று வந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அவளுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவன் கதவோரம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

“எனக்கு ஒண்டுமில்லை, மிஸ். இவளுக்குத்தான் ஏலாது. தனியா வரப் பயமாம். அதுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

“சரிங்க. நீங்க கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்.”

“வேண்டாம்! அவர் இருக்கட்டும்,” என்றாள் மனைவி சட்டென்று.

ஷாமளாவுக்கு இது பிடிக்கவில்லை. கூட வரும் கணவன்மார்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். மனைவி வாயைத் திறந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இருந்தாலும் சிரித்து வைத்தாள்.

“சொல்லுங்கம்மா. என்ன செய்யுது?”

“நித்திரை இல்லை, மிஸ். செனாய்ல இறங்கிற பிளேன் வீட்டுக்கு மேல தாழ வந்தா, கையில இருக்கிறதைப் போட்டிட்டு மேசைக்குக் கீழ போயிடுறன்.”

இலங்கைத் தமிழ். மூன்று வார்த்தை கேட்டால் போதும், ஆள் எந்த ஊர் என்று ஷாமளா சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

“எவ்வளவு நாளா இப்படி?”

“கலியாணம் கட்டின நாள்ல இருந்து. பத்து வருசம். முந்தி சமாளிச்சம் லா. இப்ப ஏலாது, பிள்ளை பயப்பிடுறாள்.”

பத்து வருஷம் இங்கே இருந்தால் மலேசியத் தமிழின் ‘லா’ ஒட்டிக்கொள்ளாமல் போகுமா என்று நினைத்துக்கொண்டாள் ஷாமளா.

“பிள்ளைக்கு என்ன வயசு?”

“ஏழு. போன மாசம் ஏதோ கனவு கண்டு அழுதாள். நான் நித்திரையிலயே அவளின்ட வாயைப் பொத்திப் பிடிச்சிட்டன். மூச்சு விடேலாமத் துடிச்சிட்டாள். அதுக்குப் பிறகு எங்களோட படுக்கமாட்டன் எண்டு ஒரே அழுகை. பாலோவில அக்கா வீட்டில விட்டிருக்கு. இன்னும் ரெண்டு கிழமையில பள்ளிக்கூடம் திறக்குது, மிஸ். பிள்ளை வீட்டுக்கு வரவேணும். அது போதும் எனக்கு.”

கதவோரத்து நாற்காலி கிறீச்சிட்டது. அவன் எழுந்துவிட்டான். மனைவி எட்டி அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். பாவம், துணையில்லாமல் ஒரு நிமிஷம் இவளால் இருக்க முடியவில்லையே என்று ஷாமளாவின் மனம் இளகியது.

அவனோ மறுபடி உட்கார்ந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பெண்டாட்டி இப்படி உருகுகிறாள், இவன் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறானே! ஓங்கி ஓர் அறை விட்டால் என்ன என்று தோன்றியது. ஆலோசகர் அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. ஆனாலும் ஷாமளா நினைத்தாள்.

“என்ன கனவும்மா வருது?”

“பங்கர், மிஸ். மண்ணுக்குள்ள குழி. மேல பிளேன் சுத்துது. தங்கச்சி அழுறாள். அவளின்ட சத்தத்தை நிப்பாட்டு எண்டு எல்லாரும் கத்துகினம். நான் அவளின்ட வாயைப் பொத்துறன்...”

ஷாமளா நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“பிறகு?”

“தெரியாது.”

“பரவால்ல லா. மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இல்லை மிஸ், உண்மையாவே தெரியாது. எப்பவும் அந்த இடத்தோட முடிஞ்சிடும்.” அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. “அந்தத் தங்கச்சி இருக்கிறாளா, இல்லையா எண்டுகூட எனக்குத் தெரியாது.”

தாங்க முடியாததை மனம் தானாகவே மூடி வைத்துவிடும் என்று ஷாமளா படித்திருக்கிறாள். அதைத் தோண்டக் கூடாது.

“இன்னிக்கு இது போதும். வர்ற சனிக்கிழமையும் வாங்க. இப்ப கார்டு மட்டும் குடுங்க, பதிஞ்சுக்கறேன்.”

அகதி அட்டைக்காகக் கையை நீட்டினாள். கைக்கு வந்ததோ நீல நிற ஐசி. ஷாமளாவின் பையில் இருப்பதைப் போன்ற அதே மலேசிய அடையாள அட்டை. பெயர் யோகம். எண்ணின் நடுவில் 01. இந்த ஜொகூர் மாநிலத்தில் பிறந்தவர்களுக்குப் போடுகிற எண்.

“நீங்க... இங்கயே பொறந்தவங்களா?”

“பாலோவில, மிஸ். என்ட அப்பாவும் அங்கதான் பிறந்தவர். அப்பப்பாதான் இலங்கையில இருந்து வந்தவர். சண்டையை நான் டிவியில பார்த்ததுதான்.” யோகம் தலையைக் குனிந்துகொண்டாள். “தனக்கு எண்டு கூப்பிட்டா இவர் வரமாட்டார். எனக்கு ஏலாது எண்டாத்தான் வருவார். அதுதான் இவருக்கு வாறதை எல்லாம் எனக்கு எண்டு சொன்னனான். இவர் நித்திரையில கத்துறதுதான் எனக்குத் தெரியும், மிஸ். மிச்சம் தெரியாது.”

ஷாமளா வெட்கத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். அவன் எழுந்து வந்து, தன் அகதி அட்டையை மேசையில் வைத்தான்.

“என்ட பேர் பிரேமகுமார். அதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு நான் சொல்லுறன், மிஸ்.”