இடப்பக்க வடம்

"தேர் வடத்த என் கையில குடு, நைனா."

பெண்பிள்ளை வாயில் வரவே கூடாது என்று சொல்லி வளர்த்த பேச்சு. மண்டபத்தில் நாஷ்டா தின்றுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"டிகிரி முடிச்சா வடம் புடிக்கணுமா, சத்யா? நம்ம வலங்கை வடத்துல ஆம்பளைங்களுக்கே எடம் பத்தல," என்றார் அப்பா ராஜமாணிக்கம்.

"இடங்கை வடம் சும்மாதான கெடக்குது?"

"அது அவங்களுது."

மன்னர் காலத்தில் ஊர்ச் சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு கட்சியாக நின்று போட்ட சண்டையில் இடங்கைக்காரர்கள் ஊரைவிட்டே போனவர்கள். இருந்தாலும் ஆண்டுதோறும் அந்த வடம் யாரும் தொடாமலே இடுப்புயரம் எழும்பி விறைத்து நிற்கும்; தேர் கோணாமல் ஓடும். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிறவர்கள் அதைப் பார்க்க வண்டியைக்கூட நிறுத்துவதில்லை.

சத்யா வெளியே எட்டிப் பார்த்தாள். இடங்கை வடம் எழும்பியிருந்தது. இந்த முறை நடுவில் மட்டும், ஓர் ஆள் நிற்கும் அளவுக்குத் தொய்ந்திருந்தது.

"அவங்க எடம் வுட்டுக்கினு நிக்கிறாங்க, நைனா."

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படியிறங்கினாள்.