முயல் எடுத்த வீடியோ

தன் மூன்று குட்டிகளும் கண் திறந்த அன்று, ஒரு முயல் ஆசையாக வீடியோ எடுத்தது. புதரை விலக்கி, வளையின் வாசலில் தொடங்கி, குட்டிகள் படுத்திருந்த மூலைவரை விடாமல் எடுத்தது. அதன் நண்பன் குரங்கு பாட்டுச் சேர்த்து, காடு முழுக்கப் பரப்பிவிட்டது.

சாயங்காலத்துக்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த நீர்நாய்கள்கூடப் பார்த்துவிட்டன.

"எத்தனை பேர் ஹார்ட் போட்டிருக்காங்க பாரு!" என்று முயல் மனைவியிடம் காட்டியது.

மனைவி ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றது.

"ஏங்க, நரியும் போட்டிருக்கு."

முயல் அப்படியே எழுந்து குரங்கிடம் ஓடியது.

"மச்சான், அந்த வீடியோவை உடனே அழிச்சிடு!"

"நான் அழிச்சு என்ன ஆகப்போகுது? எல்லார் போன்லயும் இருக்கே" என்றது குரங்கு.

இருட்டுவதற்குள் முயல்கள் இரண்டும் குட்டிகளைக் கவ்விக்கொண்டு, மலையடிவாரத்தில் ஒரு குழிக்குள் போய்ப் பதுங்கின. ஈரமண்ணில் குட்டிகள் நடுங்கின. வெளியே சருகு அசைந்தபோதெல்லாம் தாய்முயல் அவற்றின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டது.

விடிந்ததும் குரங்கு மூச்சிரைக்க ஓடி வந்தது.

"நல்லவேளை தப்பிச்சீங்க! பழைய வளையை நரி தோண்டிப் போட்டிருக்கு."

தாய்முயலின் காதுகள் விறைத்தன.

"நாங்க இங்க இருக்கோம்னு உனக்கு யார் சொன்னா?"

"நீங்க குட்டிகளைத் தூக்கிட்டு ஓடி வந்ததைக் கிளி வீடியோ எடுத்துப் போட்டிருக்கே! உங்க வீடியோவைவிட நல்லா ஓடுது."