பார் டூரில் வெள்ளைத்துரை

இரண்டாவது பாரிலும் வெள்ளைத்துரை கிளாஸை வாங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்விட்டு, அப்படியே மேசையில் வைத்தார். அவர் கண் கிளாஸில் இல்லை. மூலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட்டுப் போட்ட பெண்ணின் மேல் இருந்தது.

“அங்கிள் சைட் அடிக்கிறாரு மச்சி,” என்று பெங்களூரிலிருந்து வந்தவன் ஒருவன் கூட்டாளியின் காதைக் கடித்தான்.

மதுரை பார்க்க வருகிறவர்களைச் சாயங்காலம் நாலு ஹோட்டல் பார்களுக்குக் கூட்டிப்போய், கடைசியில் ஒரு டான்ஸ் கிளப்பில் கொண்டுபோய் விடுகிற டூர் அது. டூர் நடத்துகிற ஸ்டீவ், அறுபதை நெருங்கும் எழுமலை விவசாயி ஒருவர் வந்து நின்றதைப் பார்த்து முதலில் மலைத்துப் போனான். வேட்டிக்கு அனுமதி இல்லை என்று மச்சினன் பேன்ட்டை வேறு இரவல் வாங்கி மாட்டியிருந்தார். அது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுகொண்டது.

“ஐயா, நீங்க இங்க வந்தது வீட்டுல தெரியுமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டான் ஸ்டீவ்.

“அவதானப்பா அனுப்பிவிட்டா.”

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். கொடுத்து வைத்த மனுஷன் என்றான் ஒருவன். வெள்ளைத்துரைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வேனில் ஏறும்போது ஸ்டீவைத் தனியே இழுத்து, மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

“எம்மகளத் தேடி வந்துருக்கேன் தம்பி. பேரு ரோகிணி. ஒரு வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல. கம்ப்யூட்டர் கம்பெனியில வேலைன்னுதான் எங்ககிட்டச் சொல்லியிருந்தா. ஏதோ ஒரு ஓட்டல் பாருல பாட்டுப் போட்டுக்கிட்டு நின்னாளாம். பாத்த ஊர்க்காரப் பய போன வாரந்தான் வாயத் தொறந்தான். எந்த ஓட்டல்னு கேட்டா முழிக்கிறான். தனியா வந்தா என்னைய வாசல்லயே நிப்பாட்டிர்றாய்ங்க.”

மனைவி முத்துத்தாய்க்கு டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். கஞ்சித் தண்ணிகூட உள்ளே இறங்குவதில்லை. கண் முழிக்கிற நேரமெல்லாம் “அவளக் கூட்டியாந்து ஒருக்கா கண்ணுல காட்டுங்க” என்ற ஒரே பேச்சுத்தான். போகிற உயிர் அதற்காகத்தான் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளைத்துரை போனை எடுத்து மகளின் படத்தைக் காட்டினார். வீட்டில் அவள் படம் ஒன்றுகூட மிச்சமில்லை. உசிலம்பட்டி ஃபிளெக்ஸ் கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கி வந்த படம் அது.

ஸ்டீவ் கேலியை விட்டுவிட்டான். போனை வாங்கிக்கொண்டு தானே விசாரிக்க இறங்கினான். மூன்றாவது பாரில் தெரியாது என்றார்கள். நாலாவதில் படத்தை ஒழுங்காகப் பார்க்கக்கூட யாருக்கும் நேரமில்லை. கேட்ட இடத்திலெல்லாம் கேள்வி கிணற்றில் போட்ட கல்லாகத்தான் கிடந்தது.

போதை ஏறிய பெங்களூர்க்காரன் வெள்ளைத்துரையின் கையைப் பிடித்து இழுத்தான். “வாங்க அங்கிள், ஒரு ஸ்டெப் போடலாம்.”

“விட்ருங்க தம்பி,” என்று கையை உருவிக்கொண்டார்.

கிளப்பில் இன்னும் கூட்டம் சேரவில்லை. வாசலில் வருகிறவர்கள் கையில் சீல் குத்திக்கொண்டிருந்த நாகஜோதியிடம் ஸ்டீவ் படத்தைக் காட்டினான். வெள்ளைத்துரை இரண்டடி பின்னால் நின்றார்.

“நம்ம ரோகிணி,” என்றாள் அவள். “இங்கதான் பாட்டுப் போட்டா. எங்கூடத்தான் தங்கியிருந்தா.”

வெள்ளைத்துரை முண்டியடித்து முன்னால் வந்தார். “எங்க தாயி இருக்கா இப்ப?”

நாகஜோதி ஸ்டீவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். “நீங்க அவளுக்குத் தெரிஞ்சவங்களா? ஒங்களுக்குச் சேதி வரலையா ஐயா? அவ போன வருசமே செத்துப்போனா.”

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்டீவ் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அவர் அதை வாங்கவில்லை.

“எப்படி தாயி?”

“எப்படின்னு தெரியலங்கய்யா. வெளியூர்ல வேல கெடச்சிருக்குன்னு கெளம்புனா. எந்த ஊருன்னு வாயே தொறக்கல. புது நம்பர் மட்டும் குடுத்தா, அதுவும் எனக்கு மட்டுந்தான்.”

“அந்த நம்பரயாச்சும் குடு. கூட இருந்தவங்க யாராவது எடுப்பாங்க.”

“அழிச்சிட்டேங்கய்யா. சேதி தெரிஞ்சதும் போட்டுப் பாத்தேன், சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சு. அப்புறம் அவ பேரப் பாக்குறப்பல்லாம் அழுகையா வந்துச்சு. செத்தவ நம்பர வச்சு என்ன பண்ணப் போறோம்னு அழிச்சுப்புட்டேன்.”

“செத்தான்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? எங்க சித்தி வீட்டுக்கு உசிலம்பட்டி போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுச் செவுரு பூரா அவ மொகத்தப் போட்டு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்துச்சு.”

வெள்ளைத்துரை தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். ஸ்டீவ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். “ஐயா, மனசத் தேத்திக்கங்க. விதி முடிஞ்சு போன புள்ளய நெனச்சு இனி என்ன செய்ய முடியும்?”

“அவ சாகல தம்பி. ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு நான் அடிச்சு ஒட்டுன போஸ்டர் அது.”