மஞ்சளும் பிரவுனும்

"பல் டாக்டரோட வெப்சைட்டுக்கு நீங்க ஒரு கலர் டிசைன் போடுங்க அக்கா. இன்னொண்ணை நான் போடுறேன்" என்றான் டீம் லீடு.

'இவனோடவா போட்டி?' என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த ஆபீஸில் அதுதான் வழக்கம். ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் இரண்டு பேர் தனித்தனியாக நிறங்களைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவர வேண்டும். யாருடையது என்று சொல்லாமலே இரண்டையும் காட்டுவார்கள். வாடிக்கையாளர் எதைக் கைகாட்டுகிறாரோ அது ஜெயிக்கும்.

பிள்ளைகளை வளர்ப்பதற்காக வேலையை விட்டுவிட்டு, பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தவள் அவள். வந்த பிறகு போட்ட இரண்டு டிசைனும் தோற்றுவிட்டன. "இந்தத் தடவையும் உங்களது தேறலைன்னா, வேலையை நிரந்தரம் பண்றது கஷ்டம்மா" என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். அது டீம் லீடுக்கும் நன்றாகத் தெரியும்.

"இந்த ஒரு தடவை வேற யாரையாவது போடச் சொல்லலாமே தம்பி?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுப் பார்த்தாள். அவளைவிடப் பத்து வயசு சின்னவன். ஆனால் அவன் டிசைன் இதுவரை தோற்றதே கிடையாது.

"இல்லக்கா, நான்தான் போடுவேன்."

சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

"உங்களை வேலையை விட்டுக் கிளப்பணும்னே களத்துல இறங்கியிருக்கான்க்கா" என்று பக்கத்து சீட்டுக்காரி கிசுகிசுத்தாள்.

"இறங்கட்டும். நானும் ஒரு கை பார்க்கிறேன்."

வீம்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள். ஆன்லைனில் நிறங்களைச் சேர்த்துத் தரும் டூல் ஒன்றைத் திறந்தாள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதும், ஐந்து நிறங்கள் சேர்ந்தாற்போல வந்து நிற்கும். பிடித்ததை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டு மறுபடி தட்டலாம். அவளும் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள்.

பின்னாலிருந்து டீம் லீடின் குரல் வந்தது. "ஸ்பேஸ் பார் தட்டுறதுக்கு டிசைனர் எதுக்குக்கா? எங்க வீட்டுப் பூனையே தட்டுமே!"

சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. நாலு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். ஆனாலும் சொன்னதில் பொய் இல்லையே!

வீட்டுக்குப் போனதும், மகள் கடற்கரையில் பொறுக்கி வந்த சிப்பி ஒன்றை ஜன்னலோரம் வைத்துப் போட்டோ எடுத்தாள். டூலில் அந்தப் போட்டோவைக் கொடுத்து, அதிலிருந்தே நிறங்களைப் பிரித்தெடுக்கச் சொன்னாள். வெளிர் ரோஜா, பால் வெள்ளை, சாம்பல் கலந்த நீலம். ஈறும் பல்லும் போல அத்தனை பாந்தமாக வந்தது. நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் தெளிவாகப் படிக்க முடியுமா என்று இன்னொரு டூலில் சோதித்தாள். தேறாது என்றது. நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தமாக்கி, தேறும் என்று அது சொல்லும்வரை விடவில்லை.

முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. இனிமேல் யார் போட்டிக்கு வந்தால் என்ன!

இரண்டு நாள் கழித்துப் பல் டாக்டரம்மா வந்தார். முதல் டிசைன் பெரிய திரையில் விரிந்தது. பின்னணி முழுக்கக் கடுகு மஞ்சள், அதன்மேல் பிரவுன் எழுத்து.

"அய்யய்யோ! பல்லே தேய்க்காதவங்க சங்கத்துக்கா சைட் போட்டிருக்கீங்க?" என்று டாக்டரம்மா அலறினார்.

முதலாளியே சிரித்துவிட்டார். டீம் லீடு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது அவளுடைய டிசைன். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து, திரைக்குப் பக்கத்திலேயே போய்விட்டார்.

"இது! இதேதான்! வாயைத் திறக்கவே பயப்படுற குழந்தைகூட இதைப் பார்த்தா சிரிச்சுக்கிட்டே உள்ளே வரும்."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "வேலை நிரந்தரமாயிடுச்சும்மா. நாளைக்கு வந்து ஆர்டரை வாங்கிக்குங்க."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? நேராக டீம் லீடின் மேஜைக்குப் போனாள்.

"என்ன தம்பி, பூனை ஜெயிச்சிடுச்சு போலிருக்கே?"

"இன்னிக்கு எனக்கு நேரம் சரியில்லக்கா" என்று தோளைக் குலுக்கிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

'மண்டைக்கனம் பிடிச்சவனுக்கு நல்லா வேணும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே டாக்டரம்மாவை வழியனுப்ப லிஃப்ட் வரை போனாள்.

"சூப்பர்மா. உங்க டிசைன் பார்த்த உடனே பிடிச்சுப் போச்சு" என்றார் டாக்டரம்மா. "ஆமா, அந்த இன்னொண்ணைப் போட்டது யாரு?"

"எங்க டீம் லீடு, டாக்டர்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "கையைக் கட்டிக்கிட்டு விட்டத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தாரே, அவர்தான்."

"அந்தத் தம்பியா?" டாக்டரம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. "முந்தாநாள் அவரே எனக்கு போன் பண்ணி, 'உங்களுக்குச் சுத்தமா பிடிக்காத கலர் எது டாக்டர்?'னு கேட்டாரே! மஞ்சளும் பிரவுனும்தான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா!"