இரண்டு கையெழுத்து

"முதல்ல உங்கம்மா போடட்டும். அப்புறம் நான் போடறேன்" என்றார் அப்பா, இழைப்புளியிலிருந்து கையை எடுக்காமலே.

மூன்றாவது தடவையாக அதே பதில். விண்ணப்பப் பாரத்தைச் சுருட்டிக்கொண்டு தச்சுப் பட்டறையிலிருந்து பதினான்கு படி ஏறி வீட்டுக்குள் போனேன். அம்மா மாலை டியூட்டிக்கு நர்ஸ் உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா போட்டாச்சா?" என்றாள். "அவர் போடாம நான் எப்படிடா போடறது?"

இதுவும் மூன்றாவது தடவை.

பாரம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பல்கலைக்கழகத்தில் லாஜிக் புரோகிராமிங் பாடத்தை விட்டுவிட்டு வேறு துறைக்கு மாறிக்கொள்கிறேன் என்ற விண்ணப்பம். பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட்டு, இன்று ஐந்து மணிக்குள் ஆபீசில் கொடுத்தாக வேண்டும். மாறினால் ஒரு வருஷம் வீண். மாறாவிட்டால் மூன்று வாரத்தில் மறுதேர்வு, அதில் மானமும் வீண்.

அந்தப் பாடத்தில் கம்ப்யூட்டருக்கு எப்படிச் செய்வது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. இது உண்மை, இது விதி என்று எழுதி வைத்துவிட்டுக் கேள்வி கேட்டால் போதும், பதிலை அதுவே கண்டுபிடிக்கும். வகுப்பில் எல்லோருக்கும் கண்டுபிடித்துக் கொடுத்தது. நான் எதைக் கேட்டாலும் 'இல்லை' என்றது. என்னைப் பற்றி யாரோ அதனிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

பரீட்சையில் பதினோரு மார்க்கில் கோட்டை விட்டேன். பதினைந்து மார்க் அஞ்சாவது கேள்விக்கு ஒரு பக்கத்தை அப்படியே வெள்ளையாக விட்டுவிட்டு வந்திருந்தேன். சட்டைப்பையில் இருந்த கேள்வித்தாளும் துவைக்கப் போட்டதில் காணாமல் போயிற்று. தொலைந்தது சனியன் என்று அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுபடி கீழே.

"அப்பா, மணி நாலாச்சு. நீங்க போட்டாத்தான் அம்மா போடுவாங்களாம்."

"அவ போட்டாத்தான் நான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவைக் கேட்டு அம்மா ஒரு காரியம் செய்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவோ நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர். இன்றைக்கென்று பார்த்து இருவருக்கும் இப்படி ஒரு ஒற்றுமை பொத்துக்கொண்டு வர வேண்டுமா?

மறுபடி ஏறினேன். ஏழாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கும் தங்கை மேலே வாசலில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது.

"என்னண்ணா, உடம்பைக் குறைக்கப் போறியா?"

"வாயை மூடுடி. யோசிக்கிறேன்."

"அதெல்லாம் எப்போலேருந்து?"

அவமானத்தோடு யோசித்தேன். அப்பாவைக் கேட்டால் அம்மா. அம்மாவைக் கேட்டால் அப்பா. விட்டால் எனக்கு நரை விழும்வரை இந்தப் படிதான். யாராவது ஒருத்தர் அடுத்தவரைக் கேட்காமல் 'சரி' என்று சொல்லியாக வேண்டும். சொல்ல மாட்டார்கள் என்றால், சொல்லிவிட்டதாக நானே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இறங்கிப் போனேன்.

"அப்பா, அம்மா சரின்னு சொல்லிட்டாங்க. உங்க கையெழுத்து மேல வரணுமாம், அதான் முதல்ல உங்ககிட்ட."

அப்பா என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். போட்டார்.

மேலே ஓடினேன். அம்மா அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தாள், கேள்வி எதுவும் கேட்கவில்லை. பேனாவில் எழுதாதது எழுத்தே இல்லை என்று வார்டில் எல்லோரையும் அதட்டுகிறவள், தங்கையிடம் பென்சில் வாங்கிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு இஸ்திரிக்குத் திரும்பினாள். இருந்த சந்தோஷத்தில் நான் எதையும் கண்டுகொள்ளவில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது தங்கை கேட்டாள்: "ரெண்டு பேரும் எப்படிண்ணா மசிஞ்சாங்க?"

என்னிடம் யாரும் இப்படிக் கேட்டு வருஷக்கணக்காகிறது. பெருமை தாங்கவில்லை.

"மூளைடி! அவங்க ஒருத்தரை ஒருத்தர் கை காட்டிக்கிட்டே இருந்தா அது முடியவே முடியாது, சுத்திக்கிட்டேதான் இருக்கும். யாரையும் கேட்காம தானா நிக்கிற உண்மை ஒண்ணு வேணும். அதை முதல்ல வெச்சுட்டா, சுத்துறது நின்னுடும். நான் வெச்சது பொய்தான், அது வேற விஷயம்."

"எழுதச் சொன்னா எழுதுவியா?"

"இதுல என்ன இருக்கு? தூக்கத்துல எழுதுவேன்."

அவள் நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். சோப்புத் தண்ணீரில் வெளுத்து, சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்ட தாள். என் கேள்வித்தாள்.

'5. கீழே உள்ள இரண்டு விதிகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு முடிவில்லாமல் சுற்றுகின்றன. ஏன்? எப்படி நிறுத்துவீர்கள்? 15 மதிப்பெண்.'

இரண்டு தடவை படித்தேன். ஒரு செருப்போடு அப்படியே நின்றேன். தங்கை என் கையிலிருந்த பாரத்தின் மேல் ஒரு அழிரப்பரை வைத்தாள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"என்னடி, உங்கண்ணன் அஞ்சாவது கேள்விக்குப் பதில் சொல்லிட்டானா?"