பாலம்மா வாங்காத பசு

பசுவும் திரும்பி வந்துவிட்டது.

முதலில் அரிசி மூட்டை திரும்பி வந்தது. பிறகு கூரைக்குப் போடக் கொடுத்த தகரம். இப்போது கன்றும் பசுவுமாக. பாலம்மா எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன நெஞ்சழுத்தம் அவளுக்கு!" என்றார் நவரட்ணராஜா.

நவரட்ணராஜா யாழ்ப்பாணத்துக்காரர். வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர். தோட்டத்துக் கிறிஸ்தவர்களின் சின்னக் கோயிலுக்கு மூப்பரும் அவர்தான். கண்டியிலிருந்து குருவானவர் எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் இவருடையது. மன்னிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாரென்றால் கேட்கிற சனத்துக்குப் பசி வந்துவிடும், அவருக்கு வராது.

இந்த ஞாயிறு குருவானவர் வருகிறார். தொழிலாளரை வேலை வாங்கிய பழைய கங்காணி சோலைமலைக்கு அன்றைக்கே ஞானஸ்நானம் பெற்றுவிட வேண்டும். இருமலில் ஆள் பாதியாகிவிட்டார். குருவானவர் அடுத்தமுறை வரும்போது அவர் இருப்பாரோ என்னவோ.

ஆனால் சோலைமலை செய்து வைத்திருந்தது லேசான காரியமில்லை. மலேரியா ஊரையே வாரிக்கொண்டு போன முப்பத்தைந்தாம் ஆண்டில், காய்ச்சலில் கிடந்த பாலம்மாவின் புருஷனை எழுப்பி, கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்து, கொட்டுகிற மழையில் மலைக்கு விரட்டியவர். போனவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை.

"இப்பிடி ஒருத்தரைச் சும்மா தண்ணி தெளிச்சுச் சபையிலை சேர்க்கேலாது" என்று நவரட்ணராஜா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "முதல்லை அவளுக்கு ஏதாவது நல்லது செய்யட்டும். அவள் கைநீட்டி வாங்கட்டும். வாங்கினால் மன்னிச்சிட்டாள் எண்டு சபைக்குத் தெரியும்."

ஒரு காலத்தில் தோட்டத்தையே நடுங்க வைத்த சோலைமலை, சொன்னபடி கேட்டார். நேரே போக முகமில்லாமல் ஒவ்வொன்றாக ஆள்விட்டு அனுப்பினார். கொண்டுபோனவனிடம் பாலம்மா "வேணாம்" என்றாள். அவ்வளவுதான்.

தோட்டத்தில் எல்லோருடைய கோபமும் இப்போது அவள் பக்கம் திரும்பியது. "அந்த மனுசன் இன்னும் எவ்வளவுதான் எறங்கி வருவாரு?" என்று பேசிக்கொண்டார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் அவள்தான் என்பதே மறந்து போயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் நவரட்ணராஜா தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கே போனார். சோலைமலை பசுவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். ஆனால் கீழே, தண்ணீர் பிடிக்கிற பீலியடியோடு நின்றுவிட்டார். மேலே வரத் தைரியமில்லை.

பாலம்மா அப்போதுதான் கொழுந்துக்கூடையை இறக்கி வைத்திருந்தாள்.

"வாங்க கிளாக்கரய்யா. உக்காருங்க."

"இருக்க வரேல்லை. பசுவை ஏன் திருப்பி அனுப்பினனி?"

"வேணாங்கய்யா."

"அரிசியும் வேண்டாம், தகரமும் வேண்டாம், பசுவும் வேண்டாம். வேறை என்னதான் வேணும்? அந்த மனுசன்ரை உயிரோ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஞாயிறு தவறாமல் முழங்காலிலை நிண்டு மன்னிப்புக் கேக்கிறாய். மற்றவைக்குக் குடுக்க மட்டும் மனமில்லை. இப்பவே சொல்லிப்போட்டன், நாளைக்கு நற்கருணைக்கு நீ முன்னுக்கு வரக்கூடாது."

அது அவளைச் சுட்டுவிட்டது. இத்தனை நாள் ஊர் பேசியதற்கெல்லாம் கலங்காத கண் கலங்கிவிட்டது.

"ஐயா, அவர நான் எப்பவோ மன்னிச்சிட்டேங்க."

நவரட்ணராஜாவுக்கு விளங்கவில்லை. "எப்ப?"

"அந்த வருசமே. அவரு கங்காணியா இருக்கப்பவே நேராப் போய்ச் சொன்னேன். பயந்துக்கிட்டுச் சொல்றேன்னு நெனைச்சிட்டாரு. அதுக்கப்புறமும் சொல்லிப் பாத்தேன். நம்பவே மாட்டேங்கிறாரு."

"பிறகேன் இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"யாருங்க கேட்டீங்க? வாங்குனியா, வாங்குனியான்னுதானே எல்லாரும் கேக்குறீங்க."

கிளாக்கர் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"சரி, மன்னிச்சனி எண்டால் வாங்கிறதிலை என்ன குறை? பிள்ளையளுக்குப் பாலாவது கிடைக்குமே."

"ஆசையில்லாம இல்லீங்க. சின்னவளுக்குப் பாலுன்னா உசிரு." பாலம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நான் வாங்கிட்டேன்னா, அவரு இந்தப் பசுவத்தானே நம்புவாரு? என் வார்த்தைய நம்பமாட்டாரே!"

"நாளைக்கு நற்கருணைக்கு நீ முன்னுக்கு வா" என்றார் நவரட்ணராஜா.

மெதுவாகப் பீலியடிக்கு இறங்கினார்.

"வாங்கிக்கிட்டாளுங்களா ஐயா?" என்று சோலைமலை பதறிக்கொண்டு கேட்டார். இருமல் அவரை மேலே பேசவிடவில்லை.

"இல்லை" என்றார் நவரட்ணராஜா. "பசுவைக் கொண்டுபோய்க் கட்டிப்போட்டு, வெறுங்கையோடை அவளிட்டை வாரும் கங்காணி. நாளைக்குக் கோயிலுக்கும் அப்பிடியே வாரும்."